ஒரு தாடை நேரம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றரை இருக்கும். அச்சகத்தில் ஒரு பள்ளிப் பாடநூலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தது பல் டாக்டரம்மா. அவர் எனக்குப் போன் செய்தால் அது அக்காவைப் பற்றித்தான் இருக்கும். பெரும்பாலும், உங்க நாத்தனார் போனை எடுக்கலையே, கொஞ்சம் போய்ப் பாருங்களேன் என்பார். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை. அக்கா ஒரு பல்செட்டைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அதை மாட்டிக்கொண்ட பெரியவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிச் சிரித்துப் பார்த்தாராம். அதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாளாம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரமே இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, "செட்டு கச்சிதமா இருக்கும்மா" என்றார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லத் தெரியும். எனக்கு என்னவோ அதுவே போதுமாக இருந்தது.

அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. பல்செட் செய்வது அவள் தொழில். டாக்டர் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் ரப்பர் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் பிரித்தெடுத்தால் யாரோ ஒருவரின் தாடை மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சிரித்தால் எப்படி இருக்கும், மென்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வாள். பூட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டி நீளமான மேசை, ஒரு சின்ன விளக்கு, இழுப்பறைகளில் நிறம் வாரியாகப் பற்கள். நான் முதல்முறை போனபோது அலமாரி நிறையத் தாடைகள். எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்து இளிப்பதுபோல் இருந்தது. "பயப்படாத, யாரும் கடிக்க மாட்டாங்க. அதுக்கெல்லாம் நாத்தனார் இருக்கேன்" என்றாள்.

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்லவேளை, மூலத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வேலைக்குப் போகவில்லை என்பாள்.

இவ்வளவு விளையாட்டாகப் பேசுகிறவளுக்கு அந்த நோய் இருந்தது என்று வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார். அக்கா அதை விருந்தாளி என்று சொல்வாள். காலையில் போன் வரும். "விருந்தாளி வந்திருக்கார்மா. காப்பி எல்லாம் வேணாமாம். படுத்துக்கணுமாம்." குரலில் சிரிப்பு இருக்கும். போய்ப் பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தலை வாரியிருக்க மாட்டாள். குடித்த டம்ளர்கள் கட்டிலைச் சுற்றி வரிசையாக நிற்கும். விருந்தாளி சில சமயம் இரண்டு நாளில் போவார், சில சமயம் ஒரு பருவம் முழுக்க இருப்பார். அந்த நாட்களிலும் வேலை வந்தால் எழுந்துவிடுவாள். மெதுவாகத்தான் எழுவாள். முனகிக்கொண்டே முகம் கழுவுவாள். ஆனால் எழுவாள். யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறார் என்கிற நினைப்பு அவளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடும். வேறு எதுவும் இறக்கியதில்லை. நான் சொல்லியும் இறங்கியதில்லை, அவள் தம்பியான என் கணவர் கத்தியும் இறங்கியதில்லை.

வரிக் கணக்கு மட்டும் அவளால் முடியாத காரியமாக இருந்தது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு வருடம் விருந்தாளி சரியாக அந்த மாதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதில் தேதி தவறியது. அதற்காக ஒரு கடிதம் வந்தது. அதைத் திறக்க பயம். திறக்காததால் அடுத்த வருடம் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்படியே மூன்று வருடம். எங்களுக்கு இது தெரியாத ரகசியமில்லை. கேட்டால், பார்க்கணும் பார்க்கணும் என்பாள். என் கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருக்கிறார். ஒரு வண்டி நான்கு நிமிடம் தாமதமானால் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கு அக்காவின் மூன்று வருடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அக்கா என்னிடம் ஒருமுறை விளக்கமாகச் சொன்னாள். "பல்லைத் தொட்டா பல்லு மட்டும்தான் இருக்கு. அந்தக் கவரைத் தொட்டா, நான் இதுவரைக்கும் செய்யாம விட்டது எல்லாம் அதுக்குள்ள இருக்குற மாதிரி இருக்கு. கை கனக்குது." எனக்கு அது சோம்பல் இல்லை என்று அன்றுதான் முழுதாகப் புரிந்தது. சோம்பேறிக்குக் கை கனக்காது. அவன் பாட்டுக்குத் தூங்குவான். இவள் அந்தக் கவர்களுக்குக் காவல் இருந்தாள்.

கவர்களைக் கண்ணில் படாமல் வைக்க அவள் கண்டுபிடித்த இடம், வேலை அனுப்புகிற அட்டைப்பெட்டி. முடிந்த பல்செட்டை அதனுடைய தாடையோடு அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே டாக்டரின் பெயரை ஒட்டி வைப்பாள். சைக்கிள்காரர் ஒருவர் வந்து பெட்டிகளை எடுத்துப் போய் கிளினிக்குகளில் கொடுப்பார். பழைய பெட்டி ஒன்றில் கவர்களைப் போட்டு மூடி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அதன்மேல் டாக்டரம்மாவின் சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. விருந்தாளி வந்திருந்த ஒரு நாள். சைக்கிள்காரர் கதவைத் தட்டினார். படுத்த இடத்திலிருந்தே, டாக்டரம்மா பெட்டி மேசைகிட்ட இருக்கு, எடுத்துக்குங்க என்று சொன்னாள். மேசைமேல் ஒன்று, மேசைக்கு அடியில் ஒன்று. அவர் குனிந்து அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளினிக்கில் ஒரு அம்மாள் மேல்வரிசைப் பல் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருந்தார். டாக்டரம்மா கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே வரி அலுவலகத்தின் கவர்கள், ஒட்டியது ஒட்டியபடி.

போனில் அவர் கேட்டது அக்காவின் வாழ்நாள் முழுக்க எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. "என்னம்மா, பேஷண்ட் வாயில இதையா மாட்டச் சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அக்கா ஓடிப்போய் சரியான பெட்டியைக் கொடுத்தபோது, அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். கிளினிக்கின் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர், வரிக் கணக்கு காட்டாத இடத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று அந்த வருடம்தான் கறாராகச் சொல்லியிருந்தார். இதுவரை அக்காவைப் பற்றி அவர் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை, இப்போது தன் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டதே என்றார் டாக்டரம்மா. மாதக் கடைசிக்குள் மூன்று வருடக் கணக்கையும் அனுப்பியதற்கு ரசீது வேண்டும். இல்லாவிட்டால் மனமில்லாமல்தான் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

அக்காவிடம் வருகிற வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு கிளினிக்கிலிருந்து. பணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இருக்கவில்லை. எங்களோடு வந்து இருந்துவிடலாம். வேலை நின்றால் காலையில் அவளைக் கட்டிலிலிருந்து யார் எழுப்புவார்கள் என்பதுதான் பயம். அவளுக்கும் அதே பயம். சொல்லிக்கொள்ளவில்லை, இருவரும்.

என் கணவர் உடனே களத்தில் இறங்கினார். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய், கவர்களையெல்லாம் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். பல்லெல்லாம் ஓரம்கட்டப்பட்டது. அக்கா சிறிது நேரம் நின்று பார்த்தாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போனாள். நெடுநேரம் வரவில்லை. வெளியே வந்தவள் நேராகக் கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் போனையும் எடுக்கவில்லை. "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று இவர் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நல்லதுக்குத்தான். பசி மயக்கத்தில் கிடப்பவர்முன் கல்யாணப் பந்தியை விரித்த நல்லது.

நான் போனது அவளைக் கணக்கெழுத வைக்க இல்லை. அச்சகத்திலிருந்து திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு போய், அவள் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். அவ்வளவுதான். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு மூச்சு சீராகும். அன்று ஒரு அச்சு வந்திருந்தது. எழுந்து, மாவைக் கரைத்து, குமிழ் வராமல் தட்டித் தட்டி ஊற்றி, கீழே வைத்தாள். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். மாவு இறுகும்போது தானாகச் சூடாகும். சூடு ஏறி, மெல்ல ஆறும். ஆறிய பிறகுதான் பிரிக்கலாம், அவசரப்பட்டால் பல் உடைந்துபோகும். அதுவரை ஒரு விரலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அது அவள் பழக்கம். வேலையை விட்டுப் போகவும் மாட்டாள், வேறு வேலையைத் தொடவும் மாட்டாள்.

அப்படி விரலை வைத்துக்கொண்டிருந்தபோது, மேசைக் கோடியில் கிடந்த ஒரு கடிதத்தைக் கண்ணால் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

நான் எடுத்துப் படித்தேன். முகவரி மாறியிருந்தால் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஒரு வருஷம் பயந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். இன்னொன்றைப் படிக்கச் சொன்னாள். அது பாதியில் இருக்கும்போதே விரலை எடுத்தாள். "ஆறிடுச்சு. மூடி வை." பாதியில் இருக்கிறதே என்றேன். நான் மெய்ப்புத் திருத்துகிறவள், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். "பாதின்னா பாதி. நாளைக்கு இன்னொரு தாடை வரும்" என்று சொல்லிவிட்டு அச்சைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

முறை அப்படித்தான் உருவானது. யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாவு ஊற்றியதும் காகிதத்தைத் திறக்க வேண்டும், சூடு ஆறியதும் மூடிவிட வேண்டும். எழுத்தின் நடுவில் இருந்தாலும் சரி. நிறுத்தும் நேரம் அவள் கையில் இல்லை, மாவின் கையில் இருந்தது. அதனால்தான் தொடங்க முடிந்தது என்று நினைக்கிறேன். முடித்தாக வேண்டும் என்கிற வேலையைத்தான் அவளால் தொட முடியாது. கொஞ்ச நேரம் தொட்டுவிட்டு விட்டுவிடலாம் என்றால் கை கனக்கவில்லை.

மாலையில் அச்சகம் விட்டதும் நேரே அங்கே போவேன். அவள் மாவு ஊற்றுவாள், நான் என் மடிக்கணினியைத் திறப்பேன். ரசீதுகள், செலவுக் கணக்கு, வாடகைச் சீட்டு என்று ஒவ்வொரு தாடைக்கும் ஒன்று. முதல் வருடம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. எங்களுக்குள் ஒரு தாடை நேரம் என்பது அளவாகவே ஆகிவிட்டது. எவ்வளவு நேரத்தில் வருவாய் என்று இவர் போனில் கேட்டால், இன்னும் ஒரு தாடை ஆகும் என்பேன். டிப்போ மனிதருக்கு எரிச்சலாக வரும். அவர் வாயில் முடிச்சிட்டீங்களா என்கிற வார்த்தையைத் தவிர வேறு வராது. அந்த வார்த்தையை மட்டும் அக்கா முன்னால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

மாதக் கடைசி நாள் வந்தது. மூன்றாவது வருடத்தில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நானும் அவரும் காலையிலேயே போனோம். கதவு சாத்தி மட்டும் இருந்தது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விருந்தாளி முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார். அதைவிடப் பெரிய சங்கடம், அன்று கிளினிக் விடுமுறை. ஊற்றுவதற்கு அச்சு ஒன்றும் இல்லை. வெறும் மேசை. வேலை இல்லாத மேசைமுன் அவள் எழுந்து உட்கார மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.  அப்புறம் சொன்னேன்.

"அக்கா, என் வாயில அச்சு எடுங்களேன்."

 சுவரிடம் சொல்வதுபோல், "அதெல்லாம் டாக்டர் வேலை. நான் எடுக்கக் கூடாது" என்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உனக்கு முப்பத்தி ரெண்டும் ஒழுங்கா இருக்கு. எதுக்கு?"

"கீழ்வரிசையில ஒண்ணு கோணல்னு நீங்கதானே கல்யாணத்தப்பவே சொன்னீங்க."

திரும்பிப் பார்த்தாள். "சொன்னேன் இல்ல?" என்றாள். அந்தப் பல்லை அவள் மறக்கவில்லை. மெல்ல எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, இழுப்பறையில் கிடந்த, வாயில் அச்சு எடுக்கிற பழைய தட்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்தாள். இளஞ்சிவப்புத் தூளை நீரில் குழைத்துத் தட்டில் நிரப்பினாள். பற்பசை வாசனை அடித்தது. என் தாடையைப் பிடித்து, தட்டை உள்ளே வைத்து அழுத்தினாள்.

ஒரு தாடை போதாது என்பது தெரிந்ததும், வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள். அவர் எனக்கு எதற்கு என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த வாயிலேயே தட்டு போய்விட்டது. கண்ணில் நீர் முட்ட, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா சொன்னாள்: "பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான்டா நீ பேசாம இருக்கே."

நான் சிரித்த சிரிப்பில் மடிக்கணினி மடியிலிருந்து வழுக்கியது. அக்காவும் சிரித்தாள். விருந்தாளி போய்விடவில்லை. அறைக்குள்ளேதான் எங்கேயோ இருந்தார். ஆனால் அவருக்கு அன்று உட்கார இடம் இல்லை.

என் மேல்தாடை, என் கீழ்த்தாடை, அவர் மேல்தாடை, அவர் கீழ்த்தாடை. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. சாயங்காலம் கடைசிப் பக்கம் வந்தது. அனுப்பு என்கிற பொத்தானை நீங்களே அழுத்துங்கள் என்றேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, மாவின் சூட்டைப் பார்ப்பதுபோலச் சற்று நேரம் இருந்தாள். பிறகு அழுத்தினாள். பொத்தானில் வெள்ளையாக ஒரு விரல் தடம் விழுந்தது. என் கணவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அபராதம் இருந்தது. கட்டினோம். வானம் இடிந்து விழவில்லை. டாக்டரம்மா ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இரண்டு அச்சுகளைக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு பல வருடம் அந்த வேலை நிற்கவில்லை.

நோய் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விருந்தாளி வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். சில வருடம் கணக்கு தாமதமாகப் போனது. ஆனால் திறக்காத கவர் என்று ஒன்று அந்த அறையில் அப்புறம் இருந்ததில்லை. வந்தால், அடுத்த அச்சு சூடாகும்போது திறப்பாள். எங்கள் நான்கு தாடைகளும் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. தம்பி ஏதாவது அவசரப்படுத்தினால் அவருடைய மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கடிக்க வைத்துக் காட்டுவாள். அவள் மாடிப்படியில் இறங்கி வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வருவாள், பாட்டா கணக்கா தெரியாது. நன்றாகத்தான் இருந்தாள். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு மடிக்கணினி வாங்கிக்கொண்டாள். இந்த வருடம் நீ வர வேண்டாம், நானே ஆரம்பிக்கிறேன், கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றாள். பஸ் வருவதற்கு முன்னாலேயே நிறுத்தத்தில் போய் நிற்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அக்காதான் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நேற்று அந்த அறையைத் திறந்தோம். கட்டில் விரிப்பு இழுத்து விடப்பட்டிருந்தது. டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மேசையில் மாவு ஊற்றிய ஒரு அச்சு. அவள் இறந்த அன்று காலை ஊற்றி, சூடு ஆறியதும், வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருக்க வேண்டும். இவர் அதன் பக்கத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பிரிக்கத் தெரியாமல், பிரிக்காமலே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மடிக்கணினியை நான் திறந்தேன். இந்த ஆண்டின் படிவம் அப்படியே இருந்தது. பெயர் எழுதியிருக்கிறாள், தொழில் எழுதியிருக்கிறாள். முகவரிக் கட்டத்தில் கதவு எண் இருக்கிறது. தெருவின் பெயரில் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது.